தோட்டத்துப் படங்களும் ஒரு நூலும்

கோலசிலாங்கூரிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது; லயங்கள் பல மறைந்தன. பிரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் முதியோரின் தகரப்பெட்டிகளில் கிடக்கும் நிழற்படங்களிலேதான் எஞ்சியுள்ளன. கரையான் அவற்றையும் விட்டுவைக்காது.

நூலாக்கப் பதிப்பகத்தார் வரும்வரை காத்திருத்தல் வேண்டுமோ? 1843-இல் ஆங்கிலப் பெண்மணி அன்னா அட்கின்ஸ் எவரையும் எதிர்பார்த்தாரில்லை. கடற்பாசிகளை வெயிலிலே நீலப்படமாகப் பதித்து, விளக்கங்களையும் தம் கையெழுத்திலேயே அமைத்து, பத்தாண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். நிழற்படங்கள் கொண்ட முதல் நூல் அதுவே என்பர். படிகளோ மிகச் சிலவே.

இன்று ஐம்பது படிகள் மட்டும் அச்சிடுதலும் இயலும். செலவினும் கடினமானது, படத்தின்கீழ் எழுதவேண்டிய பெயர்! அதனைச் சொல்லவல்ல பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர். மாணவர்கள் ஏட்டுடன் முதலில் அவர்களிடம் செல்லட்டும். அச்சானபின், 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து படிகள் தேசிய நூலகத்தைச் சேரல் வேண்டும்.