யூகொன் பிள்ளைகள்: இந்த முறையும் கிண்ணம் வருமா?



சீசன் தொடங்க இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. நவம்பர் 4ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, ஜேர்மனியில் இருக்கும் ரம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளத்தில், லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு எதிராக எங்கள் யூகொன் பெண்கள் முதல் ஆட்டம் ஆடுகிறார்கள். "எங்கள்" என்று எழுதும்போது எங்களுக்கே சிரிப்பு வருகிறது. கனெக்டிகட் மாநிலத்தை நாங்கள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கலாசாலை விடுதியில் ஒரே அறையில் கிடந்த மூன்று பேர், இப்போது மூன்று ஊர்களில் படிப்பிக்கிறோம். மூவரையும் இன்றுவரை விடாமல் கட்டி வைத்திருப்பது இந்தக் கூடைப்பந்து அணியும் ஒரு வட்ஸ்அப் குழுவும்தான். ஆகவே உரிமையோடுதான் எழுதுகிறோம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இது சம்பளத்துக்கு ஆடும் கழகம் அல்ல, பல்கலைக்கழக அணி. (இப்போது அங்கே மாணவர்களுக்கும் பணம் வருகிறது, அது வேறு கதை.) ஒரு பிள்ளை நாலு வருசம், காயப்பட்டால் ஐந்து வருசம் இருப்பாள், பிறகு போய்விடுவாள். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வருசமும் உயர்தர வகுப்பை அனுப்பிவிட்டு அடுத்த வகுப்பின் முகத்தைப் பார்க்கும் எங்களுக்கு இந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்று இனிக் கேட்க மாட்டீர்கள். ஜீனோ ஒரியெம்மா என்ற பயிற்றுநர் 1985இல் இருந்து இதைச் செய்கிறார். இப்போது வயது 71. அவரோடு அதே வருசம் வந்த உதவிப் பயிற்றுநர் கிறிஸ் டெய்லியும் இன்னும் அங்கேதான். அவர்கள் கையில் 12 தேசிய கிண்ணங்கள். போன நவம்பரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், ஆண் பெண் இரு பக்கத்திலும், அதிக வெற்றி கண்ட பயிற்றுநர் என்ற இடத்தையும் அவர் பிடித்துவிட்டார்.

பன்னிரண்டாவது கிண்ணம் கடந்த ஏப்ரலில் வந்தது. தென் கரோலினாவை 82-59 என்று அடித்தார்கள். 2016க்குப் பிறகு ஒன்பது வருசம் காத்திருந்தோம். இடையில் எத்தனை அரையிறுதிகள்! 2024இல் அயோவாவிடம் 71-69 என்று தோற்ற அந்தக் கடைசி விநாடிகளில் நடுவர் கொடுத்த ஃபவுலைப் பற்றி எங்களில் ஒருவர் இன்னும் சமாதானமாகவில்லை. அவரிடம் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். பெய்ஜ் பூக்கர்ஸ் போய்விட்டார். தொழில்முறை அணிகள் வீராங்கனைகளைத் தெரிவு செய்யும்போது முதலாவதாக டலஸ் அவரை எடுத்துக்கொண்டது. கெயிட்லின் சென், ஓப்ரி கிரிஃபின் ஆகியோரும் முடித்துவிட்டார்கள். பெய்ஜ் போனதால் இழந்தது புள்ளிகளை மட்டும் என்று நினைக்கிறவர்கள் அவருடைய ஆட்டத்தை ஸ்கோர் பலகையில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆட்டம் குழம்பும் நேரத்தில், எதிரணி தொடர்ந்து எட்டுப் பத்துப் புள்ளிகள் எடுத்து அரங்கமே கத்தும் நேரத்தில், பந்து பெய்ஜின் கைக்குப் போகும். அவர் அவசரப்பட மாட்டார். ஒரு நல்ல பாஸ், ஒரு சாதாரண ஷொட், எல்லாம் திரும்பவும் அமைதியாகிவிடும். அந்த வேலையை இனி யார் செய்வது? எங்கள் மூவரின் மூன்று மாதத் தர்க்கம் இதுதான்.

எங்களில் இருவர் அஸி ஃபட் என்கிறோம். இறுதியாட்டத்தில் 24 புள்ளிகள் எடுத்து, அந்த இறுதிக் கட்டத்தின் சிறந்த வீராங்கனையானவர். அவர் நினைத்திருந்தால் பெய்ஜோடு சேர்ந்து போயிருக்கலாம், இன்னொரு வருசம் இருக்கிறேன் என்று நின்றுவிட்டார். அவருடைய ஷொட்டைப் பற்றி எழுதத் தேவையில்லை, பந்து கையை விட்டதும் நாங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். பயம் முழங்காலில்தான் இருக்கிறது. பாடசாலைக் காலத்தில் ஒருமுறை, 2023 நவம்பரில் இன்னொருமுறை என்று முழங்காலின் தசைநார் கிழிந்து மீண்டு வந்த பிள்ளை இவர். அதற்கிடையில் பாதத்திலும் மூட்டிலும் பட்ட காயங்கள் வேறு. இந்த வருசம் அவர் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கப் போகிறோம்.

மூன்றாமவர் சேரா ஸ்ட்ரோங் என்கிறார். முதலாம் வருசத்துப் பிள்ளை இறுதியாட்டத்தில் 24 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்தால் அப்படிச் சொல்லத்தான் செய்வார்கள். ஆறடி இரண்டங்குலம், உள்ளே நின்றும் ஆடுவார், வெளியே நின்று மூன்று புள்ளி ஷொட்டும் போடுவார், பாஸும் கொடுப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. இவருடைய உம்மா அலிசன் ஃபீஸ்டரும் பெரிய ஆட்டக்காரி. 1998இல் ஹார்வர்ட் என்ற, விளையாட்டை விடப் படிப்புக்குப் பெயர்போன இடத்தின் அணி, 16ஆம் தரநிலையில் இருந்துகொண்டு முதலாம் தரநிலை ஸ்டன்ஃபர்டை வீழ்த்தியது. அந்தப் போட்டித் தொடரில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அன்று ஹார்வர்டைத் தூக்கி நிறுத்தியவர் அந்த உம்மா. மகளின் நிதானம் எங்கிருந்து வந்தது என்று தேடி அலையத் தேவையில்லை.

பந்தைக் கொண்டு வரும் வேலைக்கு கேகே ஆர்னல்ட் இருக்கிறார், சதர்ன் கலிபோர்னியாவில் இருந்து கெய்லி ஹெக்கல் வந்திருக்கிறார். இருவரும் வேகம். வேகம் கொஞ்சம் கூடிவிடுமோ என்பதுதான் சந்தேகம். ஆஷ்லின் ஷேட் எந்த இடத்தில் விட்டாலும் வேலை செய்வார். எக்குவடோரில் இருந்து பிளங்கா கினோனெஸ் என்ற புதிய பிள்ளை வருகிறார். ஐரோப்பாவில் ஆடிப் பழகியவர், பெயரைக் குறித்து வையுங்கள்.

இனி எங்களுக்கு நெஞ்சுக்குக் கிட்டிய இடம். ஜனா அல் அல்ஃபி. கெய்ரோப் பிள்ளை, ஆறடி ஐந்தங்குலம், வாப்பாவும் கூடைப்பந்துப் பயிற்றுநர். 2023 யூலையில் எகிப்துக்காக 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஆடும்போது குதிகால் நரம்பு அறுந்து, யூகொனில் ஆட வேண்டிய முதல் வருசம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரை விட்டு, வீட்டை விட்டு, பாஷை வேறாக இருக்கும் இடத்துக்குச் சின்ன வயதில் போய், போன கையோடு காலும் போனால் எப்படி இருக்கும்? அடுத்த வருசம் எழுந்து வந்து பெரும்பாலான ஆட்டங்களில் தொடக்க ஐவரில் நின்றார், கிண்ணத்தையும் தூக்கினார். மாஷா அல்லாஹ்.

ஆனால் கணிப்பு என்றால் உண்மையைத்தான் எழுத வேண்டும். விஸ்கொன்சினில் இருந்து செரா வில்லியம்ஸ் என்ற நடுநிலை ஆட்டக்காரி வந்திருக்கிறார். தற்காப்பில் பெயர் எடுத்தவர், புள்ளிகளும் எடுப்பார். மூன்று வருசம் பலமில்லாத அணியைத் தோளில் சுமந்தும் தேசியப் போட்டித் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்காதவர். அந்தப் பசியோடு வருகிறார். ஜனாவின் இடம் போகும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். தொடக்கத்தில் வில்லியம்ஸ், பத்துப் பதினைந்து நிமிடம் ஜனா. அணிக்கு அது நல்லது. இரண்டு உயரமானவர்கள் இருந்தால் ஃபவுல் பயம் இல்லை, யூசிஎல்ஏயின் லோரன் பெட்ஸ் போன்ற ஆறடி ஏழங்குலத்தை மாறி மாறிப் பிடிக்கலாம். எங்களுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை.

இன்னொன்றையும் நாட்காட்டியை வைத்துப் பார்த்தோம். 2026 ரமழான் பெப்ரவரி 18 அல்லது 19இல் தொடங்கும். லீக்கின் கடைசி ஆட்டங்களும் பிக் ஈஸ்ட் கிண்ணப் போட்டியும் முழுக்க நோன்புக்குள் வருகின்றன. தேசியத் தொடர் தொடங்குவதோ பெருநாளை ஒட்டி. அதை ஜனா எப்படிச் சமாளிப்பார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விஷயம், நாங்கள் அதில் மூக்கை நுழைக்கப் போவதில்லை. துஆ கேட்பதோடு சரி.

போன வருசம் ஒரு தாய் பாடசாலை வாசலில் எங்களைப் பிடித்துக் கேட்டார்: "டீச்சர், அந்த உடுப்போட விளையாடுறதயா எங்கட பிள்ளைகளுக்குக் காட்டுறீங்க?" அவருடைய மகள் வலைப்பந்தில் நல்ல கெட்டிக்காரி. தரம் 9க்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அவரிடம் தர்க்கம் செய்யவில்லை. பில்கீஸ் அப்துல் காதிர் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னோம். மசசூசெட்ஸ்காரி. பாடசாலைக் காலத்தில் 3,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்து மாநிலச் சாதனை வைத்தவர். பிறகு மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக ஹிஜாபோடும் நீளக் கை, நீளக் கால் உடுப்போடும் ஆடினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டத்தில் அப்படி ஆடிய முதல் பெண் அவர்தான். கல்லூரி முடித்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடப் பார்த்தபோதுதான் கதவு மூடப்பட்டது. தலையை மூடி ஆட முடியாது என்று சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தில் விதி இருந்தது. அந்த விதி மாறியது 2017இல். அவருடைய காலம் அதற்குள் கடந்துவிட்டது. அவரைத் தடுத்தது உடுப்பு அல்ல, ஒரு அலுவலகத்தில் எழுதி வைத்திருந்த வரி.

அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த உடுப்பு எங்க தைக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். பிள்ளை இந்தத் தவணை பயிற்சிக்கு இரண்டு நாள் வந்திருக்கிறாள். அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல மாட்டோம், கண்ணூறு பட்டுவிடும்.

சரி, கணிப்பு. செய்தி நிறுவனமான ஏபியின் பட்டியலில் யூகொன் முதலாம் இடம், தென் கரோலினா இரண்டாம் இடம். போன சீசனில் 37 வெற்றி, 3 தோல்வி. அந்த மூன்றும் நோட்ர டாம், சதர்ன் கலிபோர்னியா, டென்னசி ஆகியோரிடம். இந்த முறை நோட்ர டாமும் டென்னசியும் கனெக்டிகட்டுக்கு வருகிறார்கள், ஆகவே அந்தக் கணக்கைத் தீர்க்கலாம். சதர்ன் கலிபோர்னியாவுக்கு டிசம்பரில் நாங்கள் போகிறோம். அங்கே ஜூஜூ வொட்கின்ஸ் முழங்கால் காயத்தால் சீசன் முழுவதும் ஆடமாட்டார். எதிரணி என்றாலும் அந்தச் செய்தி எங்களுக்குச் சந்தோசம் தரவில்லை. அவரைப் போன்றவர் நின்று ஆடும்போது வெல்வதுதான் வெற்றி.

பிக் ஈஸ்ட் லீக்கில் எங்களை அசைக்க ஆள் இல்லை. ஒளிவு மறைவில்லாமல் சொன்னால் அதுதான் எங்கள் பலவீனமும். ஜனவரி, பெப்ரவரியில் முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்று பழகிய அணிக்கு மார்ச்சில் திடீரென்று நெருக்கடி வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் போகும். முன்பும் அப்படி நடந்திருக்கிறது. 2017இல் தொடர்ந்து 111 ஆட்டங்கள் வென்று வந்தவர்கள், மேலதிக நேரத்தின் கடைசி விநாடியில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் விழுந்தார்கள். எங்களுக்கு ஆசை என்னவென்றால், சீசனின் நடுவில் ஒரு தோல்வி. ஒன்று போதும். ஜீனோவுக்கு ஏசுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

முடிவு: அஸியின் முழங்கால் தாங்கினால், ஏப்ரலில் ஃபீனிக்ஸில் நடக்கும் இறுதி நால்வரில் நிச்சயம் இருப்போம். கிண்ணத்துக்கு இருவர் ஆம், ஒருவர் தென் கரோலினா. (அவர் யார் என்று கேட்காதீர்கள். குழுவில் இருந்து நீக்குவதா என்று ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம்.)

பார்க்க விரும்புகிறவர்களுக்கு நேரக் கணக்கு: அங்கே இரவு 7 மணி ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் விடிய 5.30. சுபஹ் தொழுதுவிட்டு உட்காரலாம், ஆனால் நாலாவது கால்பகுதி நடக்கும்போது நாங்கள் பஸ்ஸில் இருப்போம், ஸ்கோரை மட்டும்தான் பார்க்கலாம். முழு ஆட்டம் கிடைக்காத நாட்களில் யூடியூபில் சுருக்கம் வரும். முதல் ஆட்டம் மட்டும் ஜேர்மனியில் என்பதால் நேரத்தைத் தனியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் புதன் போயா, பாடசாலை இல்லை. பிள்ளைகளையும் பார்க்க விடுங்கள்.