விருந்தாளியும் துடைப்பமும்

'அதிதி' என்றால் திதி சொல்லாமல் வருகிறவர் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். வருகிற திதி தெரியாது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். போகிற திதியும் தெரியாது என்பதைச் சென்னையில் குடித்தனம் செய்கிறவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் விருந்தாளிகளுக்கு விரோதி அல்ல. என் கதைகளில் பாதி, எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு உறவினர்கள் நடுநிசி வரை பேசிய பேச்சிலிருந்து எடுத்தவை. அவர்கள் வராமல் இருந்தால் எனக்குப் பிழைப்பு இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. அவர்கள் ஊருக்குப் போன பிறகு வீடு இருக்கிற கோலத்தைப் பற்றி.

கட்டிலுக்கடியில் உருண்டு கிடக்கும் காப்பித் தம்ளர், மெத்தைமேல் ஈரத் துண்டு, குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிய பொட்டுகள், சோபா இடுக்கில் வேர்க்கடலைத் தோல் — இவையெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளவை. ஒரு தடவை என் தொடர்கதையின் கையெழுத்துப் பிரதிக்குப் பின்பக்கத்தில் யாரோ கல்யாண மொய்க் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் விறுவிறுப்பாக இருக்கிறது என்று என் கணவர் அபிப்பிராயம் சொன்னார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பெருக்கித் தள்ளிவிடலாம்.

சிரிக்க முடியாமல் போனது 2019-ஆம் வருஷத்துக் கோடையில்.

அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுவிட்டன. பட்டணம் முழுவதும் லாரிக்குக் காத்துக் கிடந்தது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரந்தான் குழாயில் தண்ணீர். அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு என் கணவருக்குச் சித்தப்பா முறை ஆகிறவர், மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வந்து இறங்கினார். பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு.

அவர்கள் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். தண்ணீரை அளந்து பார்த்த வழக்கம் இல்லை. மாமா க்ஷவரம் செய்துகொண்டு முடிக்கிறவரை குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் என்று ஆளுக்கு ஐந்தாறு தம்ளர் வீடெங்கும் இறைந்து கிடக்கும்.

நாலாவது நாள் காலை, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் கைவேலையை நிறுத்திவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் எங்க தெருவுக்கு லாரி வந்துச்சு. எட்டுக் குடம் புடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. இங்க வந்தா, அந்தத் தம்பி குளிச்சிட்டுப் போன ரூம்ல குழாய் ஓடிக்கிட்டே இருக்கு. பத்துப் பாத்திரம் கூடத் தேய்க்கிறது எனக்குக் கஷ்டமில்லைம்மா. அதைப் பாக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

வேலையை விட்டு நிற்கப் போவதாக அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விருந்து என்றால் நமக்கு உடனே இளையான்குடி மாற நாயனார் நினைவு வரும். பெரிய புராணத்தில் உள்ள கதை. கொட்டுகிற மழையில், நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்துவிடுகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்து, கூரைக் கம்பை விறகாக்கிச் சமைக்கிறார்கள். விதை நெல்லை வாரி வரலாம் என்ற யோசனையைச் சொன்னவள் மனைவி. இருந்த கீரையைக் கொண்டே பலவிதக் கறி சமைத்தவளும் அவள்தான். அறுபத்து மூவர் வரிசையில் இருப்பதோ கணவர் பெயர். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வந்த அடியார் சிவபெருமான். சாப்பிட எழுப்பியபோது சோதியாகிவிட்டார். ஆகவே எச்சில் தட்டு மிஞ்சவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படிச் சோதியாகிறவர்கள் அல்ல.

வள்ளுவரும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், ஒன்பதாவது அதிகாரம். விருந்தாளியாக இருப்பது எப்படி என்று நூற்று முப்பத்து மூன்று அதிகாரத்தில் ஒன்றுகூட இல்லை. முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடிப்போவார் என்று அனிச்ச மலரை உதாரணம் காட்டி எச்சரிப்பதும் நம்மைத்தான்.

அன்று மாலை என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? ஊரில் என்ன பேசுவார்கள்?" என்றார். ஊர் பேசுவது அவர் காதில் விழும். குழாய் ஓடுவது அவர் காதில் விழவில்லை. நானே போனேன்.

"மாமா, இந்த வீட்டில் இப்போது ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர்தான். காலையில் உங்கள் நாலு பேருக்கும் எட்டு வாளி நிரப்பி வைத்துவிடுகிறேன். சாப்பிட்ட தட்டை அவரவர் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டால் வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கும்" என்றேன்.

அனிச்சம் வாடிவிட்டது. மாமா ஒன்றும் பேசவில்லை. இரவு இரண்டே தோசையோடு எழுந்துகொண்டார். "நாளைக்கே ஒரு லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து, சமையலறை வாசற்படியிலிருந்து, அத்தையின் குரல் வந்தது.

"லாட்ஜ் எதுக்கு? உங்க தங்கச்சி குடும்பம் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனா, நான் எத்தனை நாள் பெருக்கியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? தட்டை எடுங்க."

மறுநாள் காலை மாமா தம் தட்டை, ஆரத்தித் தட்டைப் போல் இரு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூத்த பிள்ளையின் ஈரத் துண்டு கடைசி நாள் வரை மெத்தைமேல்தான் கிடந்தது. நான் தண்ணீரை அளந்து கொடுத்ததாக ஊரில் பேச்சு அடிபட்டது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது மாமா டெலிபோனில் கூப்பிட்டார். "உங்களுக்கு ரயில்லே தண்ணி வந்துடுத்தாமே! இனிமே ஆளுக்கு எத்தனை வாளி?" என்றார். அது கேலியா, சமாதானமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

'பரவாயில்லை, அப்படியே வைத்துவிடுங்கள்' என்பது நம் நாட்டு மரியாதைகளில் மிக அழகானது. அப்படிச் சொல்கிறவர் ஒருவர், பிறகு குனிந்து எடுக்கிறவர் இன்னொருவர் என்பதுதான் அதில் உள்ள தொல்லை. தாராளம் ஒருவருடையதாகவும் இடுப்பு வலி மற்றொருவருடையதாகவும் இருந்தால் அதை விருந்தோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் வருகிறவர்களுக்கு முதல் நாளே காப்பி கொடுத்த கையோடு துடைப்பம் இருக்கிற மூலையையும் காட்டிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அந்நியர்களுக்குக் கூடத்தை மட்டுந்தான் காட்டுவோம். துடைப்பம் இருக்கிற இடம் வீட்டு மனிதர்களுக்குத்தானே தெரியும்?