பேனாக்கத்தியும் பெயரின் விலையும்

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்தியைப் பேனாக்கத்தி என்று அழைக்கிறோம். இறகையும் நாணலையும் சீவி எழுதிய காலத்தில் எழுதுகோலைச் செப்பனிடப் பிறந்த கத்தி அது. எழுதுகோல் உலோகமாயிற்று, பின்னர் பிளாஸ்டிக் ஆயிற்று, இன்று பலருக்கு வெறும் விரல்நுனியே எழுதுகோல். கத்தி மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எனக்கு அப்பெயர் இன்றும் பொருளுடையதே. அரபு எழுத்தணி பயிலும் மாணவர்க்கு நாணற்கலம் சீவிக் கொடுப்பது என் அன்றாட அலுவல்களுள் ஒன்று.

கலம் சீவுதல் எளிய காரியமன்று. முதலில் நாணலைச் சரிவாகச் சீவ வேண்டும். பின்னர் மை இறங்குவதற்காக நுனியின் நடுவே ஒரு பிளவு இட வேண்டும். இறுதியாக, தந்தத்தாலோ எலும்பாலோ ஆன சிறு தகட்டின்மேல் நுனியைக் கிடத்தி, ஒரே அழுத்தில் சாய்வாகத் துண்டிக்க வேண்டும். அந்தக் கடைசி வெட்டில் அலகு சற்றே மழுங்கியிருப்பினும் நுனி நசுங்கிவிடும். அப்புறம் எத்தனை பயின்ற கையும் நேரான அலிஃப் ஒன்று எழுதிவிட முடியாது. துருக்கிய எழுத்தணிக் கலைஞர்கள் கலம் சீவுவதற்கென்றே தனிக் கத்திகள் வைத்திருந்தனர். அவற்றைச் செய்தோர் அலகில் தம் முத்திரையைப் பொறித்தனர். ஆக, கத்திக்குப் பெயர் தேடுவது நம் காலத்து மோகம் மட்டுமன்று.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் மின்பணியாளராக இருக்கிறார். அவர் சென்ற ஆண்டு எனக்கு எழுதியிருந்தார். உடன் பணிபுரிவோர் ‘செபென்ஸா’ என்னும் அமெரிக்கக் கத்தியை வானளாவப் புகழ்கின்றனராம். அதன் விலை 400 டாலருக்கு மேல். “உஸ்தாத், ஆயுளுக்கும் ஒரே கத்தி என்று இதை வாங்கிவிடலாமா? தாங்கள்தாம் கத்தி அறிந்தவர்” என்று கேட்டிருந்தார். அவருடைய ஊதியம் எனக்குத் தெரியும். ஊரிலிருக்கும் அவர் குடும்பத்தின் ஒரு மாதச் செலவுக்கு அத்தொகை போதும். ஆகையால் ஏதோ ஒரு சொல்லில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. விசாரித்தும் படித்தும் பார்த்தேன்.

செபென்ஸாவை உருவாக்கிய கிரிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர். சூலு மொழியில் அச்சொல்லுக்கு ‘வேலை’ என்று பொருள். டைட்டானியப் பிடி, அப்பிடியின் ஒரு பக்கமே வளைந்து வந்து அலகைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு, மயிரிழை இடைவெளியும் இல்லாத பொருத்தம். இவற்றை நான் குறை கூறமாட்டேன். கைவினை கைவினைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 400 டாலரில் எவ்வளவு வெட்டுக்குப் போகிறது?

வெட்டு என்பது பெரிதும் அலகின் மெல்லிமையைப் பொறுத்தது. கூர்முனைக்குப் பின்னால் எஃகு தடித்திருந்தால் அது பொருளைப் பிளக்குமே தவிர வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்காது. விலையுயர்ந்த மடக்குக் கத்திகள் பலவற்றின் அலகு முதுகில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்தது. எஃகின் தரம் உயர்ந்தது என்பார்கள், மெய்தான். வெனேடியம் கலந்த அவ்வகை எஃகு நெடுநாள் கூர் தாங்கும். மழுங்கிய பிறகு என் செய்வது? அந்த எஃகினுள் இருக்கும் வெனேடியக் கார்பைடு மணிகள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த தகடு தேட வேண்டும். நம் தெருவில் சாணை பிடிக்க வருபவரின் சக்கரம் அதனிடம் திணறும்.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டு ஜோசப் ஒபினெல் என்பார் உழவர்க்கென ஒரு கத்தி செய்தார். பீச் மரப்பிடி, மெல்லிய அலகு, அவ்வளவே. 1897இல் அதை 12 அளவுகளில் வரிசைப்படுத்தினர். 1955இல் அலகைப் பூட்டும் உலோக வளையம் சேர்ந்தது. இன்றும் கத்தி ஏறத்தாழ அதேதான். எட்டாம் எண் ஒபினெல்லின் அலகு 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது. விலை செபென்ஸாவில் இருபதில் ஒரு பங்கு. நாணலில் அது இறங்குவதைக் காண்பதே ஒரு மகிழ்ச்சி. குறையும் உண்டு. கரிம எஃகு அலகு எங்கள் கடற்கரையூரின் உப்புக் காற்றில் இரண்டே நாளில் துருவேறும். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி, அலகு வெளிவர மறுக்கும். துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்கினால் முதற்குறை பெரிதும் தீரும். இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இதைவிடப் பெரும் பெயர். கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்னும் சிற்றூரில் பட்டறை தொடங்கினார். சுவிஸ் படைவீரர்க்கு ஜெர்மனியிலிருந்து கத்தி வருவதைப் பொறாது, 1891இல் தாமே செய்து வழங்கினார். ஜெர்மானியர் மலிவாகச் செய்ததால் நட்டப்பட்டு, கடனில் மூழ்கும் நிலைக்கும் வந்தார். 1897இல் அதிகாரிகளுக்கென அவர் வடிவமைத்த கத்திதான் இன்று உலகெங்கும் காணும் சிவப்புக் கத்தியின் மூதாதை. அதில் தக்கை பிடுங்கும் திருகு ஒன்றும் உண்டு. நம் வீடுகளில் அதற்கு வேலையில்லை. இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்க நன்கு உதவும். இதன் எஃகு மிகக் கடினமானதன்று. விரைவில் மழுங்கும், அதே விரைவில் எந்தக் கல்லிலும் கூர் பெறும். இவ்வளவு பெரிய பெயருக்கு இவ்வளவு குறைந்த விலை கேட்பது வணிக உலகில் அரிது. பெயர் பெரிதாயினும் விலை தகும் என்று நான் கூறுவது இதைத்தான்.

மாணவருக்கு எழுதினேன்: “மின்கம்பியின் உறை உரிக்க விக்டோரினாக்ஸ் ஒன்று போதும். கைவினையின் அழகுக்காகவே செபென்ஸா வேண்டுமென்றால், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் கட்டி முடித்த ஓர் ஆண்டில் வாங்குங்கள். வேலைக்காக என்று சொல்லி வாங்காதீர்கள்.”

விலையைவிடப் பெயரே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உறவினர் ஒருவர் எனக்கு லாயோல் கத்தி ஒன்றைப் பரிசளித்தார். முதுகில் தேனீ பொறித்த அழகிய கத்தி. மூன்று மாதத்தில் பித்தளைக் காப்பு கழன்றது. செய்தவர் பெயரை அலகில் தேடினேன்; எங்கும் இல்லை. லாயோல் என்பது ஒரு கம்பெனியே அன்று, பிரான்சிலுள்ள ஒரு சிற்றூர். அப்பெயரில் வரும் கத்திகளுள் பல தியேர் நகரிலும், இன்னும் பல சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்யப்படுகின்றன. 1993இல் அவ்வூரைச் சேராத ஒருவர் ஊர்ப்பெயரையே வணிகப் பெயராகப் பதிந்துகொண்டார். ஊரார் வழக்காடினர், 2012இல் தோற்றனர், பின்னர் ஓரளவு வென்றனர். நல்ல லாயோல் கத்தியும் உண்டு. ஆனால் பட்டறையின் பெயர் தெரியாமல் தேனீக்கு மட்டும் பணம் கொடுப்பது வீண்.

அரபு படித்தவர்க்கு இது புதிதன்று. அரபுக் கவிதையில் வாளுக்கு ‘முஹன்னத்’ என்று ஒரு பெயர். ஹிந்திலிருந்து வந்த எஃகினால் ஆனது என்பது அதன் பொருள். நாளடைவில் எங்குச் செய்த நல்வாளுக்கும் அச்சொல் புகழ்மொழியாகிவிட்டது. இன்று ‘டமாஸ்கஸ்’ என்று அலைவரி காட்டி விற்கும் கத்திகளும் அப்படியே. இருவகை எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்து, அமிலத்தில் தோய்த்து வரியை எழுப்புகிறார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய பழைய எஃகின் வரி வேறு, இவ்வரி வேறு. வரிக்காக மிகுதியாகப் பணம் தரலாம், வெட்டுக்காக அன்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா முஃதஸிமுக்காக அல்-கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஸரந்தீப் எஃகினால் ஆன வாள்களை அவர் ஒரே குவியலாக வைக்கவில்லை. எஃகு விளைந்த இடம் ஒன்று, வாள் அடிக்கப்பட்ட இடம் வேறொன்று என்று பிரித்து வைத்தார். பாரசீகத்தில் அடித்ததும் குராஸானில் அடித்ததும் அவருக்கு வெவ்வேறு. இன்று கத்தி வாங்கச் செல்வோரும் கடைக்காரரிடம் அவ்விரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்: எஃகு எது, அடித்த பட்டறை எது? பெரும்பாலும் அவர் இரண்டாம் கேள்வி முடியுமுன்னரே வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டத் தொடங்கிவிடுவார்.