மரக்குச்சி அடைத்த துளை

மே 3

வால்பாறை மலைமேலுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் ஏற்றிச் செல்லும் குத்தகைக்காரர் ஒருவருடைய ஜி.எம்.சி. லாரி, பொள்ளாச்சியில் நான் நடத்திவரும் பட்டறைக்கு இன்று மாலை வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் டிஸ்போசலில் ஏலம்போன ஆறு சக்கர ராணுவ வண்டி அது. தெருமுனையிலிருந்து வாசல்வரை அது வந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம் என்னும்படி, புழுதியின்மேல் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக விழுந்திருந்தன.

"அட்டகட்டி போய்ச் சேர்றதுக்குள்ளே நாலு பைன்ட் ஆயில் ஊத்த வேண்டியிருக்குதுங்க. அதுக்கு மேலே கிளட்ச் வழுக்குதுங்க. கொண்டை ஊசியிலே நிக்கவும் முடியலே, ஏறவும் முடியலே" என்றார் டிரைவர். அட்டகட்டி வழியாக வால்பாறைக்கு ஏறும், 40 கொண்டை ஊசி வளைவுகளுள்ள அந்தப் பாதையில், பாரம் ஏற்றிய வண்டி கிளட்ச் பிடிக்காமல் பின்னுக்கு நழுவுவது என்பதன் பொருளை நான் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் முகமே அதைச் சொல்லிற்று.

வேறொரு பட்டறையில் இருமுறை காட்டியும் குணமாகவில்லையாம். விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, ப்ளைவீலையும் கிளட்சையும் மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே எண்ணெய் கசிந்தால் அது தேங்காமல் வெளியே சொட்டுவதற்கென்றே வைத்த துளை. ராணுவத்தார் ஆழமான நீரைக் கடக்க நேரும்போது மட்டும் இத்தகைய துளையைத் திருகாணியால் மூடி, கரையேறியதும் கழற்றிவிடுவது வழக்கம். அந்தத் துளையில் யாரோ ஒரு மரக்குச்சியைச் சீவி, துணி சுற்றி, சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தார்கள். அதைப் பிடுங்கியதும் ஒரு படிக்குக் குறையாத எண்ணெய் என் சட்டைக் கைமேலேயே கொட்டிற்று. கசிவு நின்றதாகக் காட்டுவதற்காகச் செய்த காரியம், அத்தனை எண்ணெயையும் கிளட்ச் தட்டில் குளிப்பாட்டியிருக்கிறது. இதை அறியாமை என்று மன்னிக்க என் மனம் இடம் தரவில்லை. அந்தக் குச்சியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 4

எங்கள் மூத்த மேஸ்திரி பார்த்த மாத்திரத்தில், "பின் மெயின் பேரிங் சீல்தான் தம்பி, வேறென்ன?" என்றார். யுத்த காலத்தில் அசாமில் வண்டி பழுது பார்த்தவர். அவருடைய வார்த்தைக்கு நான் பெரிதும் மதிப்புக் கொடுப்பவன். ஆயினும் பெல் ஹவுசிங்கிலிருந்து சொட்டும் எண்ணெயெல்லாம் கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள அந்தச் சீலிலிருந்துதான் வரவேண்டும் என்ற நியதி இல்லை. எண்ணெய் விழும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. காற்றும் அதிர்வும் புவியின் ஈர்ப்பும் சேர்ந்து அதை ஒரு கஜ தூரம் நடத்திக்கொண்டுபோய் விடும்.

முதற்கேள்வி, இது எந்த எண்ணெய் என்பது. கியர் பெட்டியின் முன்முனை கசிந்தாலும் இதே துளையில்தான் வந்து சொட்டும். கியர் எண்ணெய் விரலில் பாகு போல் இழுக்கும். மூக்கில் கந்தக வாடை அடிக்கும். வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். கரி கலந்து, நீர்த்து, கறுத்திருந்தது. கந்தக வாடை இல்லை. என்ஜின் எண்ணெய்தான் என்பது நிச்சயமாயிற்று.

பிறகு மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு, பையன்கள் இருவரை வைத்து என்ஜினைக் கழுவத் தொடங்கினோம். மூன்று இடங்களில் ஒரு விரற்கடை கனத்துக்கு அழுக்கு. அதைச் சுரண்டச் சுரண்ட, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் அந்த 270 கன அங்குல யந்திரத்தின் கம்பீரம் வெளிப்பட்டது. இந்த ஜாதி வண்டிகளை 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாக அமெரிக்காவில் செய்து குவித்தார்கள். அசாமின் லெடோவிலிருந்து காடும் சேறும் மலையும் கடந்து, 1945 ஜனவரி 12 அன்று புறப்பட்ட முதல் வாகனத் தொடர் பிப்ரவரி 4 அன்று சீனத்தின் குன்மிங் நகரை அடைந்தது. அந்தப் பாதையில் ஓடிய இனத்தைச் சேர்ந்த வண்டி ஒன்று, இங்கே ஒரு மரக்குச்சியால் மானமிழந்து நிற்பதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. டிரைவரின் எதிரேயுள்ள தகட்டில், மணிக்கு 45 மைலுக்குமேல் ஓட்டலாகாது என்ற எச்சரிக்கை இன்னும் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறது.

மே 5

என்ஜின் உலர்ந்தபின், சாக்குக்கட்டியை மாவாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து, மேலிருந்து கீழ்வரை தட்டித் தூவினோம். வெண்மையான பரப்பில் எண்ணெய் எங்கே தலைகாட்டினாலும் கறையாகப் பிரத்தியட்சமாகிவிடும். பெரிய பரிசோதனைக் கருவிகள் இல்லாத நம் பட்டறைகளுக்கு இதைவிட நம்பகமான உபாயம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டோம். ஒரு கறையும் இல்லை. வடிகட்டிக்குப் போகும் குழாய்கள், பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம், புஷ் ராட்களை மூடும் பக்கத் தகடு, முன்புறச் செயின் மூடி, எல்லாம் வெண்மையாகவே இருந்தன. மேஸ்திரி, "நான் சொன்னேனே" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் டிரைவர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. சமவெளியில் அவருக்குக் குறைவது சொற்பம். ஏற்றத்தில்தான் நாலு பைன்ட். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்பதால், எண்ணெய் முழுவதும் என்ஜினின் பின்கோடிக்குச் சரிந்து தேங்கும். சமதரையில் எண்ணெயே எட்டாத விளிம்பெல்லாம் அங்கே அதில் மூழ்கிக் கிடக்கும். ஆகையால் நோயாளியை நோய் வரும் நிலையில் வைத்துப் பார்ப்பதுதானே முறை? பின்கொல்லையிலுள்ள மண்மேட்டில் முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மறுபடி ஓடவிட்டோம். கால் மணிக்குள், ராக்கர் மூடியின் பின்மூலையில் ஒரு கறை தோன்றிற்று. அது மெல்ல விரிந்து, சிலிண்டர் தலையின் முதுகுப்புறமாக, யாரும் எளிதில் எட்டிப் பார்க்க முடியாத இடுக்கு வழியே இறங்கி, பெல் ஹவுசிங்கின் தோளை நனைத்து, விளிம்போடு ஓடி, கீழே துளைக்கு அருகில் வந்து சொட்டிற்று. அடியிலிருந்து பார்ப்பவனுக்கு அது பின் சீலின் கசிவாகவே தோன்றும்.

மூடியைக் கழற்றினோம். கார்க் கேஸ்கட் ஓடுபோல் இறுகி நொறுங்கியது. போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் தகட்டின் விளிம்பும் வளைந்திருந்தது. அதைப் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, புதுக் கார்க் வெட்டி வைத்தோம். சொட்டு பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

மே 7

நேற்று முழுவதும் வேறு வேலை. இன்று காலை, கேஸ்கட் அப்படி இறுகியதற்கும் சொட்டு நிற்காததற்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கலாமே என்ற யோசனையுடன், என்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். உலைத்துருத்தி போல் சூடான புகை முகத்தில் அடித்தது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்கும் வாயு, மூச்சுக்குழாய் வழியே வெளியேறியாக வேண்டும். அந்த வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பு எதுவோ அதன் வழியே எண்ணெயை வெளியே தள்ளிவிடும். மூடியிலுள்ள கம்பிவலையைப் பிரித்துப் பார்த்தால், மலைப்பாதைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து தார்க்கட்டியாகியிருந்தன. மூச்சுக்குழாயின் உள்ளேயும் அதே கதி. ஒரு முழக் கம்பியால் குடைந்து எடுத்தோம்.

வளையங்கள் எந்த நிலையில் உள்ளன என்று அறிய ஆறு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். ஐந்தாவது மட்டும் சற்றுத் தாழ்வு, மற்றவை ஒத்திருந்தன. வயதுக்கேற்ற தேய்மானம்தான், அடைப்பே பெரிய குற்றவாளி. மறுபடி மண்மேட்டில் ஏற்றினோம். வெளிப்புறம் முழுவதும் வெண்மை. அப்படியும் அந்தத் துளையிலிருந்து நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது மேஸ்திரி சொன்னது பாதி நிஜம் என்று ஒப்புக்கொண்டேன். அவரும் பெருந்தன்மையோடு, "முதல்லே சொன்னப்பவே பிரிச்சிருந்தா, மேலே ஒழுகினது தெரியாமலே போயிருக்குமுங்க தம்பி" என்றார். அதுதான் உண்மை. சீலை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், மூடியின் கசிவும் அடைபட்ட மூச்சும் அப்படியே இருந்து, புதிய சீலையும் ஒரு மாதத்தில் கெடுத்திருக்கும்.

மே 9

கியர் பெட்டியை இறக்கி, கிளட்சையும் ப்ளைவீலையும் கழற்றினோம். கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறி, கண்ணாடி போல் பளபளத்தது. பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று குத்தகைக்காரர் கேட்டுப் பார்த்தார். ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி கசிந்து மேலே வரும். புதுத் தட்டுத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ப்ளைவீலுக்குப் பின்னால் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. கேம் தண்டின் பின்முனையை மூடும் வட்டத் தகடு ஒன்று. கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள கயிற்றுச் சீல் மற்றொன்று. எண்ணெய் மேல்நோக்கி ஓடாது. கேம் தகட்டைச் சுற்றிப் பழைய கிளட்ச் தூள் காய்ந்து, தொட்டால் உதிரும்படி இருந்தது. கிராங்க் விளிம்பின் அடியிலோ, புதிதாக நனைந்த தாரை. வழக்கு அங்கேயே தீர்ந்தது.

அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பை இறக்கி, பின் பேரிங் மூடியைக் கழற்றினோம். பள்ளத்தில் வைத்திருந்த கயிறு, கிராபைட் ஊட்டிய கல்நார்க் கயிறு, கரிக்கட்டியாகப் பொரிந்து கிடந்தது. ஆனால் கயிறு ஏன் கருகிற்று என்று கேட்காமல் புதியதை வைப்பதும் மரக்குச்சி வைத்தவர் செய்ததற்குச் சமம். தண்டின் பாரத்தைக் கீழிருந்து ஜாக்கியால் தாங்கி, பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய ஈயக் கம்பி வைத்து, மூடியை இறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தோம். ஆயிரத்தில் இரண்டோ மூன்றோ பங்கு அங்குலம் இருக்கவேண்டிய இடைவெளி ஆறு பங்கு இருந்தது. அத்தனை இடைவெளியில் தண்டு துள்ளித் துள்ளிக் கயிற்றை இடித்துப் பொடியாக்கியிருக்கிறது. பேரிங்கிலிருந்து வெளிவரும் எண்ணெயும் கயிறு தாங்கக்கூடிய அளவைப்போல் பன்மடங்காகிவிட்டது.

மே 10

இன்று ஒரு வாக்குவாதம். கயிற்றின் கீழ்ப்பாதி மூடியில் இருப்பதால் மாற்றுவது எளிது. மேற்பாதி தண்டுக்கு மேலே, பிளாக்கின் பள்ளத்தில் இருக்கிறது. அதை முறைப்படி மாற்றத் தண்டையே வெளியே எடுக்கவேண்டும். அதாவது என்ஜினை வண்டியிலிருந்து தூக்கவேண்டும். பழைய மேற்கயிற்றை இரு முனைகளிலும் உள்நோக்கித் தட்டி இறுக்கி, மிஞ்சிய இடத்தில் கயிற்றுத் துண்டுகளைத் திணித்துவிடும் யுக்தி ஒன்று உண்டு. மேஸ்திரி யுத்த காலத்தில் அப்படிச் செய்து அனுப்பிய வண்டிகள் நன்றாகவே ஓடினவாம். மழைக்கு முன் வண்டி வேண்டும் என்று குத்தகைக்காரரும் அதையே விரும்பினார்.

நான் மறுத்தேன். கயிறு மட்டும் குற்றம் என்றால் அந்த யுக்திக்குச் சம்மதித்திருப்பேன். தண்டு தாங்கும் நான்கு மெயின் பேரிங்குகளில் பின்னது மட்டும் புதியதாகவும் மற்ற மூன்றும் தேய்ந்தும் இருந்தால், தண்டு நேர்கோட்டில் நில்லாது வளைந்து சுழலும். நான்கையும் மாற்றுவதானால் தண்டை எடுப்பதே உத்தமம். "டிரைவர் தினமும் அந்த 40 வளைவுகளையும் ஏறி இறங்குகிறார், ஐயா" என்று குத்தகைக்காரரிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அவர் சம்மதித்தார்.

மே 19

என்ஜினைத் தூக்கித் தண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, அதன் கழுத்துகள் வட்டம் பிசகாமல் இருந்தது பெரும் பாக்கியம்; கடைசல் தேவைப்படவில்லை. புதுக் கயிற்றை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, பள்ளத்தில் படுக்கவைத்து, மழமழப்பான உருண்டைத் தடியால் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் உருட்டி அழுத்தினார் மேஸ்திரி. முனைகளைச் சவரக் கத்தியால் ஒரே வெட்டில் வெட்டினார். ஒரு நூலிழை பிசிறு இருந்தாலும் பேரிங் மூடி சரியாக உட்காராது. அவர் கைவேலையின் நிதானத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பையன்கள் எல்லோரையும் அழைத்தேன். தண்டு முதலில் கையால் திருப்பக் கடினமாக இருந்தது. புதுக் கயிற்றுக்கு அது இயல்பு.

மே 23

இரண்டரை டன் உரத்துடன் வண்டி வால்பாறை போய் இன்று திரும்பிற்று. நானும் கூடப் போயிருந்தேன். கிளட்ச் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. அட்டகட்டியில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தோம். புறப்பட்டபோது இருந்த கோட்டிலேயே இருந்தது. போய் வந்ததற்கு மொத்தம் அரை பைன்ட் ஊற்றினோம். பெல் ஹவுசிங் துளையின் வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. இரவு முழுவதும் அடியில் விரித்து வைத்த காகிதத்தில் அதற்குமேல் ஒன்றும் விழவில்லை.

டிரைவரிடம் அந்த மரக்குச்சியைக் கொடுத்து, துளை எப்போதும் திறந்தே இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.