சுவர் ஏறும் அக்காக்கள்



"பொம்பளப் புள்ள மரம் ஏறலாமா? இறங்குடி கீழ!" இதைக் கேட்காத பெண் நம் பள்ளியில் யாராவது உண்டா? எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் தம்பி ஏறினால், "பாத்து ஏறுடா" என்பார்கள். நான் ஏறினால் "இறங்குடி"தான்.

ஆனால் ஏறுவதற்கென்றே ஒலிம்பிக்கில் பதக்கம் இருக்கிறது தெரியுமா? செயற்கைச் சுவரில் பதித்திருக்கும் பிடிகளைப் பிடித்து ஏற வேண்டும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இதை முதன்முதலாகச் சேர்த்தார்கள். வேகமாக ஏறும் போட்டிக்கு 15 மீட்டர் சுவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்து நாட்டு அலெக்ஸாண்ட்ரா மிரோஸ்வாவ் அதை 6.06 நொடியில் ஏறினார். அன்றைக்கு அது உலக சாதனை!

ஜப்பானின் அகியோ நொகுச்சி மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா மாட்டுக் கொட்டகையிலேயே மகளுக்குப் பயிற்சிச் சுவர் அமைத்துக் கொடுத்தார். "இறங்குடி" என்று சொல்லாத அப்பா! டோக்கியோவில் வெண்கலம் வாங்கியபோது அந்த அக்காவுக்கு 32 வயது.

இன்னொரு வகையில் சுவர் உயரம் குறைவு, கயிறு கிடையாது. கீழே மெத்தை போட்டிருப்பார்கள். நேரம் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். பெரிய வீராங்கனைகளே தொப்பென்று விழுகிறார்கள். எழுந்து, கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் சுவரிடம் போகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. இறுதிப் போட்டியில் சுவர் புதியது. ஒருவர் ஏறுவதை, அடுத்து ஏறப் போகிறவர் பார்க்கக் கூடாது. தொடங்கும் முன் எல்லோருக்கும் சேர்த்துச் சில நிமிடம் சுவரைக் காட்டுவார்கள். ஒரே தங்கத்துக்காக வந்த அந்தப் பெண்கள் அப்போது ஒன்றாக நின்று, காற்றில் கையை அசைத்து, எந்தப் பிடிக்கு எந்தக் கை என்று பேசிக்கொள்கிறார்கள்! விதி அதை அனுமதிக்கிறது. வழியைச் சேர்ந்து யோசிக்கலாம். ஏற வேண்டியது அவரவர் விரல்தானே.

இதைப் பார்த்ததும் நம் மைதானம் நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் எங்களில் கோகோ ஆடியவர்கள் பதினான்கு பேர். இப்போது பத்தாம் வகுப்பில் மூன்றே பேர். மற்றவர்கள் விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கயிறு போட்டுக் கட்டி வைக்கவில்லை. "விழுந்து கை கால் ஒடிஞ்சா யாரு கட்டிக்குவா?" என்ற பேச்சுதான் கட்டி வைத்திருக்கிறது.

தனியாக ஒருத்தி எழுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் யார் என்ன சொல்ல முடியும்? தைரியம் வந்த பிறகு கூட்டம் சேர்வதில்லை தோழிகளே. கூட்டம் சேர்ந்தால் தைரியம் தானாக வரும். அந்த அக்காக்களிடம் நான் படித்த பாடம் இதுதான்.

பி.டி. டீச்சரிடம் கேட்டாச்சு. புதன்கிழமை கடைசிப் பீரியடில் கோகோ கம்பம் நட்டுத் தருகிறார்களாம். இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். வருபவர்கள் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.

- 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி