டெல்ஃப்டிலிருந்து டெல்ஃப்டுக்கு

எங்கள் குடும்பத்தில் நான் லைடன்காரன். என் மனைவி டெல்ஃப்ட்காரி. எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்த பெரியவர் மிடில்பேர்க்கைச் சேர்ந்தவர். இப்படிச் சொன்னால் நாங்கள் ஏதோ ஒல்லாந்து தேசத்துக் குடும்பம் என்றே அன்பர்கள் எண்ணக்கூடும். உண்மையில் நான் பிறந்தது வேலணையில். அவள் பிறந்தது நெடுந்தீவில். கலியாணம் பேசியவர் புங்குடுதீவார்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆயிற்று. காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க் என்றாயின. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. அவற்றுள் ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம் ஆகிய நான்கின் பெயர்களும் இவ்வாறு எம் கடலில் வந்து மிதந்தன. மற்றப் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளோடு நின்றுவிட, நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்ற பெயரே இன்றளவும் வழங்குகிறது. வகுப்பில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த இந்தச் சரித்திரம், ஒருநாள் என் வீட்டு விவகாரமாகவே வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

என் மனைவிக்கு ஒரே அண்ணன். 1990ஆம் ஆண்டில், தீவகத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சிதறிய அந்தக் காலத்தில், பத்தொன்பது வயதில் புறப்பட்டுப் பாரிஸ் போய்ச் சேர்ந்தவர். அதன்பின் அவர் ஊருக்கு வரவேயில்லை. தாயார் இறந்தபோதும் வர இயலவில்லை. வழி திறந்த பிறகும், “அம்மா இல்லாத வீட்டுக்கு என்னெண்டு வாறது?” என்பதே அவர் மறுமொழி. தங்கையைக் காண வேண்டும், மருமகளைத் தூக்க வேண்டும் என்று மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் சொல்லுவார். சென்ற ஆண்டு, “ஒரு கிழமையாவது இஞ்சாலைப் பக்கம் வாருங்கோ மச்சான்” என்று என்னிடமே கேட்டுவிட்டார்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. ஒரு கிழமை விடுமுறை. கையில் அளவான பணம். கூடவே சிறு பிள்ளை. ஐரோப்பாவில் எந்த நகரத்துக்குப் போவது? கேள்வி எழுந்ததுதான் தாமதம், ஆலோசனைகள் மழையாகக் கொட்டின. கல்லூரி ஆசிரியர் அறையில், “பாரிஸுக்குப் போய் ஈபிள் கோபுரம் பாராமல் வருவதோ?” என்றார் ஒருவர். சுவிற்சர்லாந்தில் மக்களை வைத்திருக்கும் அயலவர், பனிமலையைக் காட்டாவிட்டால் பிள்ளைக்கு என்ன பயன் என்றார். லண்டனில் உள்ள என் ஒன்றுவிட்ட சகோதரி அங்கே வரச் சொன்னாள். ஆனால் அதற்கு வேறொரு விசா எடுக்க வேண்டும். நானோ ஆசிரியப் புத்தியை விட முடியாமல், ஒரு கொப்பியை எடுத்து ஐந்து நகரங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசைப்படுத்தினேன். ஏழு நாளில் நான்கு நகரங்கள், பதினெட்டு இடங்கள் என்று கணக்கு வந்தது. பரீட்சைக்குப் பாடத்திட்டம் வகுத்தவன்போல் எனக்குப் பெருந் திருப்தி.

அந்தக் கொப்பியை என் தாயார் வாங்கிப் பார்த்தார். “இவ்வளவும் ஆர் பாக்கிறது? நீயோ, பிள்ளையோ?” என்று கேட்டார். பிறகு, “முதலிலை அவளைத் தாயின்ரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளை எவ்வளவு தாங்கும் எண்டு பார்” என்றார். உண்மையைச் சொல்வதானால், பிறந்த நாள்முதல் எம் மகள் நெடுந்தீவைக் கண்டதில்லை. கடல் கொந்தளிப்பு, பரீட்சை, காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. ஐரோப்பாவுக்குத் திட்டம் போட்ட எனக்கு அந்தக் கேள்வி சற்று உறைக்கவே செய்தது.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கட்டுச்சோற்றோடு புறப்பட்டோம். புங்குடுதீவுத் தாம்போதியைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினோம். நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் கால் மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடுவார்கள். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். பாதி வழியில் மகளுக்குத் தலை சுற்றியது. தாயின் மடியில் படுத்துக்கொண்டு, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று பத்துத் தடவை கேட்டாள். ஒரு மணி நேரப் படகுக்கே இவ்வளவு என்றால், கொழும்புக்கு இரவுப் பயணம், வளைகுடா நாடொன்றில் விமானம் மாறுதல், அங்கிருந்து மீண்டும் ஏழு மணி நேரம் என்ற என் கணக்கு அப்போதே ஆட்டங் கண்டது.

தீவில் இறங்கி, முச்சக்கர வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டோம். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டைக் காட்டினேன். அவள் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் மேய்ந்த மட்டக்குதிரைகளைக் காட்டினேன். அவை இரண்டு நிமிடம் அவளைக் கவர்ந்தன. பெருக்கமரத்தின் பொந்துக்குள் நுழைந்து வெளியே வந்தாள், மறுபடியும் நுழைந்தாள். அடுத்த இடத்துக்குப் போவோம் என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

இறுதியில் மனைவியின் பழைய வளவுக்குப் போனோம். வீட்டின் கூரை போய்விட்டது. முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய கல்வேலி மட்டும் அப்படியே நிற்கிறது. நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவர்களுக்குத் தெரியும்: அந்தக் கற்கள் ஒருகாலத்தில் கடலில் உயிரோடு இருந்த பவளப் பூச்சிகளின் கூடுகள். உற்றுப் பார்த்தால் கல்லின் முகமெங்கும் சிறு சிறு பூக்கள்போல வரிகள் ஓடும். மகள் அதைக் கண்டுவிட்டாள். “அம்மா, கல்லுக்குள்ளை பூ!” என்று கூவினாள். பிறகு ஒவ்வொரு கல்லாக விரலால் தடவி, பூவுள்ள கல்லையும் பூவில்லாத கல்லையும் பிரித்து எண்ணத் தொடங்கினாள். முக்கால் மணி நேரம் அந்த வேலியை விட்டு அவள் அசையவில்லை. என் மனைவி வேலியோரம் அமர்ந்து, “இந்த மூலையிலைதான் அண்ணை கிளித்தட்டுக்குக் கோடு கீறுறவர்” என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்று படகில் திரும்பும்போது மகள் உறங்கிவிட்டாள். என் கொப்பியின் பதினெட்டு இடங்களும் எனக்கு நினைவில் வந்தன. சிறு பிள்ளை இடங்களை எண்ணுவதில்லை. கைக்கு எட்டிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிலைத்துவிடுகிறது. நாம் பார்க்க விரும்பியவற்றையெல்லாம் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் பிள்ளை சிணுங்குகிறது என்று கோபிக்கிறோம். பிள்ளையோடு பயணம் செய்ய எண்ணுபவர் தேட வேண்டியது, பிள்ளையின் காலடிக்கு அடங்கிய ஊர். ஒரே இடத்தில் தங்கல். நடந்தே போகக்கூடிய தூரம். பகலில் திரும்பி வந்து சோறு ஆக்கி உண்டு உறங்க ஓர் அறை. நாளுக்கு ஒரு காட்சி. இவ்வளவும் இருந்தால் போதும்.

இந்தக் கண்ணோடு ஐந்து நகரங்களையும் மறுபடி பார்த்தேன். பாரிஸ் பெருநகரம். அதன் நிலக்கீழ் ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. படிகளில் பிள்ளையைச் சுமக்க வேண்டும். பெயர் பெற்ற இடங்களிலெல்லாம் நீண்ட வரிசை. மைத்துனர் வீடோ புறநகரில். ஆம்ஸ்டர்டாமும் ஆகஸ்ட் விடுமுறையில் சனநெருக்கடி மிகுந்தது. எஞ்சியது, நான் கொப்பியின் ஓரத்தில் விளையாட்டாக எழுதி வைத்திருந்த ஒரு பெயர்: டெல்ஃப்ட்.

டெல்ஃப்ட் சிறு நகரம். ரயில் நிலையத்திலிருந்து நகர நடுச் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடைதான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிராம் வண்டியில் ஏறினால் ஹேக் நகருக்கும் அதன் கடற்கரைக்கும் போய்விடலாம். ஹேக்கில் மதுரோடம் என்றொரு பூங்கா உண்டு. ஒல்லாந்து நாட்டின் கட்டடங்களையும் துறைமுகங்களையும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் சிறிதாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் நாசிகளை எதிர்த்து நின்று 1945இல் சிறைமுகாமில் இறந்த ஜோர்ஜ் மதுரோ என்ற மாணவரின் நினைவாக, அவருடைய பெற்றோர் கொடுத்த பணத்தைக் கொண்டு 1952இல் திறக்கப்பட்டது அது. மகனை இழந்த பெற்றோர் பிறர் பிள்ளைகள் மகிழ வழி செய்தார்கள் என்பதைப் படித்தபோது, அந்த ஒரு காட்சி போதும் என்று தோன்றியது.

வேறொன்றும் என்னை இழுத்தது. டெல்ஃப்டில் 1632 என்ற ஒரே ஆண்டில் மூவர் பிறந்தார்கள். ஒருவர் வெர்மீர், பால் வார்க்கும் பணிப்பெண்ணையும் கடிதம் படிக்கும் மங்கையையும் பொறுமையாகத் தீட்டிய ஓவியர். மற்றவர் லேவன்ஹூக்; தாமே கடைந்த கண்ணாடி வில்லையால் ஒரு துளி நீருக்குள் உயிர்கள் நீந்துவதைக் கண்டவர். மூன்றாமவர் பிலிப்பஸ் பால்டேயஸ். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தப் பாதிரியாராக இருந்து, எம் ஊர்களைப் பற்றி எழுதி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளியிட்டவர். சிறிய பொருளை உற்றுப் பார்ப்பவர்களின் ஊர் அது. கல்லுக்குள் பூக்கண்ட பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எது?

குறையும் உண்டு. அந்நகரத்துக் கால்வாய்களின் ஓரத்தில் பல இடங்களில் கைபிடி கிடையாது. பிள்ளையின் கையை விடவே கூடாது. வெயிற்காலத்திலும் மழை வரும். அவற்றைவிடப் பெரிய குறை, அங்கே என் மனைவியின் அண்ணன் இல்லை. இதைச் சொல்ல நான் இரண்டு நாள் தயங்கினேன். பிள்ளைக்கு நல்லது என்று நான் ஓர் ஊரைத் தெரிந்தால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தவளுக்கு அது என்ன நியாயம்? மெல்லச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. “அண்ணையிட்டைக் கேட்டுப் பாப்பம்” என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு, கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்றே எண்ணினேன். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். “மச்சான், பாரிஸிலையிருந்து ரொட்டர்டாமுக்கு விரைவு ரயிலிலை மூண்டு மணித்தியாலமும் இல்லை. அங்கையிருந்து டெல்ஃப்ட் கால் மணித்தியாலம். இவ்வளவு காலம் இருந்தும் நான் ஒருநாளும் போகேல்லை. டெல்ஃப்டிலை பிறந்தவன் டெல்ஃப்டைப் பாக்கத்தானே வேணும்! நானும் அங்கை வாறன்.” அருகில் நின்ற என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். “மாமா, உங்கடை வேலியிலை பூக்கல்லு இருக்கு. நான் அறுபத்துநாலு எண்ணினனான்” என்றாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வடக்கு மூலையிலை விழுந்த இடத்தை ஆரும் அடுக்கினவையோ?” என்று கேட்டார். இன்னும் அடுக்கவில்லை என்று சொன்னேன். ஊருக்கு வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பணக் கணக்கு ஒன்று இருந்தது. பின்கட்டுக் கூரையை மாற்றவென்று சேர்த்த பணத்தில்தான் இந்தப் பயணம். மைத்துனர் தாம் தருவதாகச் சொன்னார், நான் இணங்கவில்லை. தங்குமிட வாடகை அவருடையது, விமானச் சீட்டு எங்களுடையது என்று உடன்பட்டோம். என் தாயார்தான் கூரை விஷயத்தை முடித்து வைத்தார்: “கூரை அடுத்த வருஷமும் அங்கைதான் நிக்கும். பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஆறு வயது.”

விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆதலால் ஒல்லாந்துக்கே விண்ணப்பம் எழுதினோம். ஆறு வயது நிறையாத மகளுக்குக் கட்டணம் இல்லை. கொழும்பில் கடிதக் கட்டுகளோடு வரிசையில் நின்றோம். மனைவியின் படிவத்தை வாங்கிய இளம் பெண் அதை இருமுறை படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, இரண்டு இடத்திலும் ஒன்றையே எழுதிவிட்டீர்களே?” என்றாள்.

பிறந்த இடம்: டெல்ஃப்ட். செல்லும் இடம்: டெல்ஃப்ட்.

“இரண்டும் சரிதான், பிள்ளை” என்றாள் என் மனைவி.