பந்தாட்டத்தில் பிழைப்பு உண்டா?



2019ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இரவு, கொச்சி கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் சென்னையின் எஃப்.சி. அணியும் மோதின. உள்ளதைச் சொன்னால், பார்ப்பவர் நெஞ்சை அள்ளும் மோதலன்று அது. முந்தைய பருவத்தில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றிருந்த சென்னை அணி, அவ்வாண்டு பட்டியலின் அடியில் கிடந்தது. கேரள அணியோ, பருவத்தின் முதல் ஆட்டத்தில் வென்றதோடு சரி. அதன்பின் நான்கரை மாதங்களாக ஒரு வெற்றியைக் கூடக் கண்டதில்லை. அன்று கேரளம் 3-0 என்ற கணக்கில் வென்றது. மூன்றாவது கோலை அடித்தவர் 21 வயது இளைஞர் ஒருவர். ஐ.எஸ்.எல். போட்டிகளில் அவர் அடித்த முதல் கோல் அதுவே. அவர் பெயர் சஹல் அப்துல் ஸமது.

அந்த இளைஞரின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்குப் பந்தாட்டத்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறார். அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்த் திடலில் அவர் ஆடுவதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். காலில் பந்து இருக்கும்போது அவசரப்படாத பிள்ளை. சென்ற மாதம் அவருடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். வேறொரு நகரத்தில் உள்ள தனியார் பயிற்சிக்கூடம் ஒன்று பையனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. கட்டணம் பெரிது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வந்தால்தான் முழுநேரப் பயிற்சி தர முடியும் என்கிறார்களாம். "இதுல பிழைப்பு இருக்கா ஹஜ்ரத்? இருந்தா உம்மாவோட நகையை வித்தாவது அனுப்பிடுறேன்" என்றார். அவரிடம் அன்று கூறியவற்றைத்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து, உங்களுக்கும் எழுதுகிறேன். நம் வீடுகளில் இன்னும் எத்தனையோ வாப்பாமார்களிடம் இதே கேள்வி இருக்கக்கூடும்.

சஹல் 1997ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் பிறந்தவர். குடும்பத்தின் சொந்த ஊர் கண்ணூர் மாவட்டத்துப் பையனூர். வளைகுடாவில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களின் வாழ்க்கை நமக்குத் தெரியாததன்று. பள்ளி, வீடு, வெள்ளிக்கிழமை என்று வட்டமிடும் வாழ்க்கை அது. சஹல் சிறுவயதிலேயே அபுதாபியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து முறையாகப் பந்தாட்டம் பயின்றார். பள்ளிப்படிப்பு முடிந்தது. மேற்படிப்புக்காகக் கேரளம் திரும்பினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பந்து உருண்டு வந்து நின்றுபோவது இந்த இடத்தில்தான். 'விளையாடியது போதும், இனிப் படிப்பைப் பார்' என்பது நம் வழக்கம். அல்லது, அந்த மாணவரின் வாப்பாவைப் போல, 'படிப்பு போதும், இனி விளையாட்டைப் பார்' என்று மறுகோடிக்குப் போய்விடுகிறோம். சஹலுக்கு அமைந்த வழி இவ்விரண்டும் அன்று. கண்ணூரில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்துதான் பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்தார். பின்னர் மாநில அணி. 2017இல் கோவாவில் நடந்த சந்தோஷ் டிராபியில் கேரளத்திற்காக ஆடிய அணியில் அவர் இருந்தார். 1941ஆம் ஆண்டு முதல் மாநிலங்களுக்கிடையே நடந்துவரும் போட்டி அது. தொலைக்காட்சியில் ஒளிரும் ஐ.எஸ்.எல். 2014இல் வந்தது, அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே நம் நாட்டு ஆட்டக்காரர்களை வெளியுலகிற்குக் காட்டிவந்த சாளரம் சந்தோஷ் டிராபிதான். (நான் இளங்கலையில் வரலாறு படித்தவன். ஆண்டுகளைச் சொல்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆகவே, சஹலின் வாழ்வில் கல்லூரி ஆட்டத்தைத் தடுத்த மதிலன்று. ஆட்டம் வெளியே வந்த வாசலே அதுதான். பள்ளியை நிறுத்தச் சொல்லும் பயிற்சிக்கூடத்தின் பேச்சை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இது முதற்காரணம்.

இனி, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனபின் நடந்தது என்ன? கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மஞ்சள் சட்டையணிந்த பல்லாயிரவர் ஆரவாரிக்கும் அரங்கில் உடனே இறக்கிவிடவில்லை. முதலில் ரிசர்வ் அணி. நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டிகளில் அந்த அணிக்காக ஆடி, கோல்கள் அடித்துத் தம்மை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 2017-18 பருவத்தில் முதன்மை அணியில் அவருக்குக் கிடைத்தது மாற்று ஆட்டக்காரராக இறங்கும் சொற்ப வாய்ப்பே. அடுத்த பருவத்தில், அப்போதைய பயிற்சியாளரும் இங்கிலாந்து அணியின் முன்னாள் கோல்காப்பாளருமான டேவிட் ஜேம்ஸ் அவரை நடுக்களத்தில் தொடர்ந்து இறக்கினார். அணி தோற்றுக்கொண்டிருந்தது, இளைஞரோ ஒளிவிட்டார். எதிரணியினர் இருவர் மூவர் சூழ்ந்து நின்றாலும் பந்தைக் காலோடு ஒட்டவைத்து, உடலை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் நழுவிச் செல்லும் நளினத்தை மக்கள் கண்டுகொண்டார்கள். அவ்வாண்டு ஐ.எஸ்.எல். போட்டியின் வளரும் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அவரையே அவ்வாண்டின் வளரும் வீரராகத் தெரிவு செய்தது. 2019 ஜூன் 5 அன்று, தாய்லாந்தின் புரிராம் நகரில் கியூரசாவ் அணிக்கெதிராக இந்தியச் சட்டையணிந்து முதன்முறையாகக் களமிறங்கினார். இந்தியா 1-3 என்று தோற்றது. எனினும் 22 வயதில் நாட்டுக்காக ஆடியாயிற்று.

பத்திரிகைகள் வழக்கமாக இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும். நம் பிள்ளைகளும் இதுவரைதான் படிக்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி இதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

விருது வாங்கிய மறு பருவம், 2019-20. புதிய பயிற்சியாளராக நெதர்லாந்தைச் சேர்ந்த எல்கோ ஷட்டோரி வந்தார். சஹல் பல ஆட்டங்களில் தொடக்கப் பதினொருவரில் இல்லை. வெளிவரம்பில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரை ஏன் இறக்கவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எந்த இடத்தில் ஆடவைப்பது, எவ்வளவு நேரம் ஆடவைப்பது என்பதெல்லாம் விவாதமாயிற்று. அப்பருவத்தில் ஒரு கோலும் இல்லை. 2020-21 பருவமோ கொரோனாவின் காரணமாகக் கோவாவில், ஆளில்லாத அரங்குகளில் நடந்தது. அதிலும் கோல் இல்லை. 2019 பிப்ரவரியில் முதல் ஐ.எஸ்.எல். கோலை அடித்தவர், இரண்டாவது கோலை அடித்தது 2021 நவம்பரில்! இடையே இரண்டே முக்கால் ஆண்டுகள். இருபத்தொரு வயதிலிருந்து இருபத்துநான்கு வயது வரையிலான அந்தக் காலம் ஓர் ஆட்டக்காரருக்கு எத்துணை விலைமதிப்புள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளை இரண்டே முக்கால் ஆண்டுகள் இப்படி இருந்தால், உறவினர்கள் ஒவ்வொரு திருமண வீட்டிலும் என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கோலற்ற அந்த முதற்பருவம் முடிந்த 2020 ஆகஸ்டில்தான், 2025 வரை நீளும் ஒப்பந்தத்தைக் கழகம் அவரோடு செய்துகொண்டது. கூட்டம் கணக்குப் பார்ப்பது கோலை. தொழில் தெரிந்தவர்கள் கணக்குப் பார்ப்பது வேறு.

அவர் காத்திருக்க நேர்ந்ததில் ஆட்ட அமைப்புக்கும் பங்கு இருந்திருக்கலாம். அக்காலத்தில் ஓர் அணி களத்தில் ஐந்து வெளிநாட்டவரை இறக்கலாம். எஞ்சியது ஆறு இடங்களே. கோலுக்கு வழிசெய்யும் நடுக்கள இடத்தையும் முன்கள இடத்தையும் வெளிநாட்டவருக்கே கொடுப்பது கழகங்களின் பழக்கம். சஹல் ஆடுவதும் அதே இடம். 2021-22இல்தான் அந்த எண்ணிக்கை நான்காகக் குறைக்கப்பட்டது. அப்போதிருந்த அணிகள் 11. களத்தில் இந்தியருக்கு உறுதியாக உள்ள இடம் அணிக்கு ஏழு. ஆக, நாடு முழுவதற்கும் 77 இடங்கள். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்புகளில் இதைவிட அதிகம் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த மாணவரின் வாப்பாவிடம் இந்த எண்ணைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் சஹலுக்கு நல்ல காலம் வந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் 16 அன்று மாலே நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் நேபாளத்திற்கெதிராக இந்தியாவின் மூன்றாவது கோலை அவர் அடித்தார். நாட்டுக்காக அவர் அடித்த முதல் கோல் அது. 2021-22 ஐ.எஸ்.எல். பருவத்தில் ஆறு கோல்கள். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூருக்கெதிரான ஒரே கோலும் அவருடையதே. ஆனால் காயம் காரணமாக இறுதியாட்டத்தில் இறங்க முடியவில்லை. கேரளம் பெனால்டியில் தோற்றது. உடம்பே மூலதனமாக உள்ள தொழில் இது. தசை ஒன்று பிசகினால் ஆண்டின் மிகப்பெரிய நாளும் கைநழுவும். அதே 2022 ஜூன் மாதம் கொல்கத்தாவில் ஆப்கானிஸ்தானுக்கெதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்துக் கைகளை விரித்து அவர் ஓடியதை எங்கள் ஊர்ப் பையன்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். 2023 ஜூலையில் மோகன் பகான் கழகத்திற்கு மாறினார்.

எல்லோருக்கும் கடிகாரம் ஒன்றுபோல் ஓடுவதில்லை. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகா இளமையில் ஆட்டோ ஓட்டியவர். 2007இல் மும்பை எஃப்.சி.யில் சேர்ந்த அவருக்கு இந்தியச் சட்டை கிடைத்தது 2017இல், தமது முப்பதாம் வயதில்! சஹலின் காத்திருப்பை அதனோடு ஒப்பிட்டால் சிறிதுதான்.

பிழைப்பு என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். முதன்மை அணியில் நிலைபெற்றவருக்கு நல்ல வருவாய் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வருவாய் நிற்கும் தரை எப்படிப்பட்டது? ஐ.எஸ்.எல். போட்டியை நடத்துவதற்கான 15 ஆண்டு உரிமை ஒப்பந்தம் 2010இல் செய்யப்பட்டது. 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கும் வழி தெளிவாகாததால், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் முதன்மை அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்தன. நாட்டுக்காக ஆடியவர்கள் கூட, எங்களை ஆடவிடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கும் நிலை வந்தது. வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும் போட்டி, 2026 பிப்ரவரியில்தான் சுருங்கிய வடிவில் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. காலில் திறமை இருந்தது. ஆடுவதற்குப் போட்டி இல்லை.

இத்தனையும் சொன்னதால் பையனைத் தடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதாக நீங்கள் கருத வேண்டாம். அந்த வாப்பாவும் முதலில் அப்படித்தான் கருதி முகம் வாடினார். "அப்ப வேணாங்கறீங்களா ஹஜ்ரத்?" என்றார்.

"வேணாம்னு சொல்லல பாய். நகையை விக்காதீங்க, பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீங்க. இது ரெண்டும்தான்" என்றேன்.

பின்னர் ஒரு தாளை எடுத்து, அந்தப் பயிற்சிக்கூடத்தாரிடம் கேட்க வேண்டியவற்றை இருவருமாக எழுதினோம். அங்கே பயின்றவர்களில் எத்தனை பேர் எந்தக் கழகத்தின் இளையோர் அணியில் சேர்ந்திருக்கிறார்கள்? பெயரும் ஆண்டும் சொல்ல முடியுமா? பிள்ளைக்கு முழங்காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? பாதியில் திரும்பினால் கட்டிய பணத்தில் எவ்வளவு கிடைக்கும்? மாவட்ட அணித் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்புவார்களா? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதவிடுவார்களா? பயிற்சியாளருக்கு உரிமம் உண்டா? பிள்ளை எதிலும் கையெழுத்திடும் முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க இரண்டு நாள் அவகாசம் தருவார்களா?

உம்மாவின் கருத்தைக் கேட்டீர்களா என்றும் வினவினேன். கேட்கவில்லையாம். நகை அவருடையது, பிள்ளையும் அவருடையது, கேட்காமல் எப்படி? அன்றிரவே கேட்பதாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிவாசல் வாசலில் சந்தித்தோம். பயிற்சிக்கூடத்தார் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு முன் அவகாசம் தருவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இதற்கிடையே பக்கத்து நகரக் கல்லூரி ஒன்றில், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்பதைப் பையனே விசாரித்து வந்திருக்கிறார். அந்தக் கல்லூரி அணி பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுகிறதாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வேண்டும். பையன் இப்போது காலையில் ஒரு மணி நேரம் கணக்குப் படிக்கிறார் என்று வாப்பா சொன்னார். மாலையில் திடலுக்கு வருவதில் மாற்றமில்லை, நேற்றும் பார்த்தேன்.